ஜெயித்தும் சில்லு சேரவில்லையா? டோர்னமென்ட் போக்கரில் பெரிய கைக்கு முழு விலை வாங்க ஒரு பிழை நீக்கும் வழிமுறை

தோற்ற கை எல்லாருக்கும் நினைவிருக்கும். கடைசிச் சீட்டாக ஒரு கிளாவர் விழுந்து ஏஸ் ஜோடி கவிழ்ந்த கதையை மூன்று மாதம் கழித்தும் சொல்வார்கள். ஆனால் 27,000 வந்திருக்க வேண்டிய இடத்தில் 9,000 மட்டும் வாங்கி, சிரித்த முகத்தோடு சில்லை அடுக்கிய கையை ஒருவரும் சொல்வதில்லை. அது ஜெயித்த கை ஆயிற்றே! டோர்னமென்டில் பலரை மெதுவாக வெளியே அனுப்புவது இந்த இரண்டாவது வகைதான். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக நடுவில் வைக்கும் சில்லு) ஏறிக்கொண்டே போகும், கையிருப்புச் சில்லு அதற்கு ஈடாக ஏறாது. கடைசியில் எட்டு பிளைண்ட் அளவு சில்லோடு, ஏதோ ஒரு ஏஸ்-5-க்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, "இன்னைக்கு ராசி இல்லை" என்று எழுந்து போவார்கள்.

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற ஆட்டத்தை வைத்து இதை எழுதுகிறேன். ஒன்பது பேர், ஆளுக்கு 30,000 சில்லு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறும். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுழல்கிற மாதங்களில் சீட்டு மாடியில் நிற்காது, கீழே ஹாலுக்கு இறங்கிவிடுவோம். நுழைவுக் கட்டணமும் இல்லை, காசும் இல்லை. முதல் நான்கு இடத்துக்குப் புள்ளி, அவ்வளவுதான். காசு கட்டி ஆன்லைனில் ஆடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரி: 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல் பண ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. ஆகவே கீழே வரும் எண்ணெல்லாம் வெறும் சில்லு.

புதியவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). பெட் என்றால் சில்லு போடுவது, ரெய்ஸ் என்றால் தொகையை ஏற்றுவது, கால் என்றால் அதே தொகையைக் கொடுத்துத் தொடர்வது, செக் என்றால் எதுவும் போடாமல் விடுவது, ஃபோல்ட் என்றால் சீட்டைப் போட்டு ஒதுங்குவது, ஆல்-இன் என்றால் இருப்பதெல்லாம் தள்ளுவது, பாட் என்றால் நடுவில் சேர்ந்த சில்லு. இனி, உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எதற்குப் போனாலும் முதலில் இரண்டு எண் தெரிந்திருக்க வேண்டும்: நடுவில் எவ்வளவு கிடக்கிறது, உங்கள் இருவரில் குறைவாக வைத்திருப்பவரிடம் மிச்சம் எவ்வளவு. இந்த இரண்டும் தெரியாமல் "எவ்வளவு போடலாம்" என்று யோசிப்பதில் பயனே இல்லை.

"நான் ரெய்ஸ் போட்டாலே எல்லாரும் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள்"

முதலில் இது பழுதுதானா என்று பாருங்கள். ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும். மணிக்கு 25, 30 கை ஓடும் வீட்டு ஆட்டத்தில் ஒரு ஞாயிறு முழுக்க வராமலே போகலாம். அப்படி வந்த அன்றைக்கு எட்டுப் பேரும் ஒதுங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் எட்டுப் பேருக்கும் குப்பை வந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? பிளைண்ட் 500/1,000 (ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000), பிக் பிளைண்ட்காரர் மேசைக்கே சேர்த்து வைக்கும் ஆன்டி 1,000 என்றால் நடுவில் 2,500 கிடக்கிறது. எடுத்துக்கொண்டு அடுத்த கையைப் பாருங்கள்.

வாராவாரம் இதே கதை என்றால் பழுதுதான். மூன்று இடத்தில் தேட வேண்டும்.

ஒன்று, தொகை. சாதாரணக் கைக்கு 2,200, பெரிய கைக்கு 4,000 என்று போடுகிறீர்களா? இரண்டே வாரத்தில் மேசைக்கே தெரிந்துவிடும். "லேய் மக்கா, நாலாயிரம் போட்டாம்னா ஏஸ்தாம்லே, சீட்டப் போடு" என்று சத்தமாகவே சொல்வார்கள். எந்தக் கையாக இருந்தாலும் பிக் பிளைண்டின் 2 முதல் 2.3 மடங்கு, முன்னால் ஒருவர் சும்மா கால் செய்திருந்தால் அவருக்காக இன்னொரு பிளைண்ட், இதையே கட்டாய வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, உடம்பு. எங்கள் மேசையில் தக்கலை வாத்தியார் ஒருவர் உண்டு. கையில் கட்டன் சாயா கிளாஸ் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சீட்டைப் பார்ப்பார், ஒரு மிடறு குடிப்பார், ஃபோல்ட். பெரிய ஜோடி வந்தால் மட்டும் கிளாஸ் மெதுவாகத் தரைக்கு இறங்கும், கண் ஒருமுறை சில்லுக் குவியலுக்குப் போய்த் திரும்பும். அதற்குப் பிறகு அவர் என்ன போட்டாலும் யாரும் கிட்டே போகமாட்டார்கள். மருந்து எளிது: உங்கள் முறை வரும் வரை சீட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பார்த்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, ஃபோல்டோ ரெய்ஸோ, எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

மூன்று, ஆடும் அளவு. மணிக்கு ஒரு கை மட்டும் ஆடுகிறவருக்கு யார் சில்லு கொடுப்பார்கள்? பட்டனிலும் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்) அதற்கு முந்தைய இடத்திலும் எல்லாரும் ஒதுங்கி வந்தால் ராஜா-9, ஒரே நிறத்து (நிறம் என்றால் இங்கே ஆட்டின், கிளாவர் மாதிரிச் சின்னம்) 10-8 மாதிரிக் கைகளையும் அதே 2,200-க்குத் திறங்கள். பாதி நேரம் பிளைண்ட் வரும். மீதி நேரம் உங்கள் ரெய்ஸைச் சந்தேகப்படத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம்தான் ஏஸ் ஜோடிக்கு வேண்டியது.

"பதுங்கினேன், நாலு பேர் உள்ளே வந்து அடித்துவிட்டார்கள்"

ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு ரெய்ஸ் போடாமல் வெறும் கால் செய்திருப்பீர்கள். ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் வந்தால் ஏஸ் ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு 85 சதவீதம். இருவர் வந்தால் 73, மூவர் வந்தால் 64, நால்வர் என்றால் 56. நால்வருக்கு எதிராக பாட் பெரிதாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளாப்பில் 9-8-6 விழும்போது எவரிடம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எவ்வளவு போடுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு எதுவும் சரியாக வராது.

ரெய்ஸ் போடுங்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: உங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு, பதினைந்து பிளைண்டோடு உட்கார்ந்து, யார் கால் செய்தாலும் ஆல்-இன் தள்ளுகிற துடிப்பான ஆள் இருந்தால் பதுங்கலாம். அப்படி ஒரு மார்த்தாண்டம் பையன் எங்களிடம் உண்டு. அவன் வராத வாரங்களில் இந்த விதிவிலக்கை மறந்துவிடுங்கள்.

"செட் அடித்தேன், ஜெயித்தேன், வந்தது கொஞ்சம்தான்"

அதிகமாகச் சில்லு ஒழுகுகிற ஓட்டை இதுதான். அதனால் ஒரு கையை முழுக்க எடுத்துப் பார்ப்போம்.

பிளைண்ட் 500/1,000, ஆன்டி 1,000. பட்டனில் உங்களுக்கு 7 ஜோடி. 2,200 போடுகிறீர்கள். ஸ்மால் பிளைண்ட் ஒதுங்க, பிக் பிளைண்ட் கால். நடுவில் 5,900. இருவரிடமும் மிச்சம் 27,800. ஃப்ளாப்: ஆட்டின் ராஜா, கிளாவர் 7, டைமண்ட் 2. ஜோடி கையில் இருக்கும்போது ஃப்ளாப்பில் அதன் மூன்றாவது சீட்டு விழுவது, அதாவது செட், எட்டரை தடவைக்கு ஒருமுறை. அந்த ஒருமுறை இது. அவர் செக் செய்கிறார். அவரிடம் ராஜா-10 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்குத் தெரியாது, ஆனால் இந்த ஃப்ளாப்பில் நமக்குக் கொடுக்கக்கூடிய கை அதுதான்.

பெரும்பாலானவர்கள் ஆடுகிற விதம் இரண்டு.

முதலாவது, "பயமுறுத்தக் கூடாது" என்று சின்னதாகப் போடுவது. ஃப்ளாப்பில் 1,500, கால். பாட் 8,900. டர்னில் 2,500, கால். பாட் 13,900. ரிவரில் 5,000, கால். மூன்று சுற்றிலும் அவர் கொடுத்துவிட்டார், உங்களுக்கு மகிழ்ச்சி. மொத்தம் 9,000. அவர் முன்னால் இன்னும் 18,800 பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது, ஃப்ளாப்பில் செக் செய்து பதுங்குவது. டர்னில் 3,500, பாட் 12,900. ரிவரில் 7,600. மொத்தம் 11,100. சின்னதாகப் போட்டதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அவரிடம் 16,700 மிச்சம்.

இப்போது கணக்கைப் பின்னால் இருந்து போடுங்கள். ரிவர் முடியும்போது 27,800 முழுதும் நடுவில் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் என்ன போட வேண்டும்? ஏறக்குறைய பாட்டில் 60 சதவீதம். ஃப்ளாப்பில் 3,500, பாட் 12,900, மிச்சம் 24,300. டர்னில் 7,600, பாட் 28,100, மிச்சம் 16,700. ரிவரில் அந்த 16,700-ஐயும் தள்ளினால், அதுவும் பாட்டில் 60 சதவீதம்தான். எந்த ஒரு பெட்டும் பார்ப்பவருக்கு மிரட்டலாகத் தெரியாது. ஃப்ளாப்பில் 1,500-க்கும் 3,500-க்கும் உள்ள வித்தியாசம் 2,000 தான். ராஜா ஜோடி வைத்திருப்பவர் அந்த 2,000-க்காக ஓடமாட்டார். ஆனால் அந்த 2,000 ரிவருக்குப் போய்ச் சேரும்போது 11,700 ஆகிவிடுகிறது. பாட் கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது: ஒரு சுற்றில் பாதிப் பாட் போட்டுக் கால் வந்தால் இரண்டு மடங்கு, முழுப் பாட் போட்டால் மூன்று மடங்கு. மூன்று சுற்றும் பாதி என்றால் 8 மடங்கு, மூன்று சுற்றும் முழுசு என்றால் 27 மடங்கு.

ஃப்ளாப்பைச் சும்மா விடுவதன் விலையும் இதில் தெரிகிறது. விட்டுப்போனது ஃப்ளாப்பின் 3,500 அல்ல, ரிவரின் 16,700.

இந்தச் சதவீதத்தைக் கண்டுபிடிக்க மேசையில் உட்கார்ந்து வர்க்கமூலம், கனமூலம் போட யாராலும் முடியாது. இந்த நான்கு அளவு மட்டும் மனதில் இருந்தால் போதும். மிச்சச் சில்லு பாட்டைப் போல ஒன்றரை மடங்கு என்றால் பாதிப் பாட் இரண்டு சுற்று. மூன்றரை மடங்கு என்றால் பாதிப் பாட் மூன்று சுற்று. நான்கு மடங்கு இருந்து இரண்டே சுற்று மிச்சம் என்றால் முழுப் பாட் இரண்டு. 13 மடங்கு இருந்தால் முழுப் பாட் மூன்று, அதாவது ஆட்டத் தொடக்கத்தில் எல்லாரிடமும் நிறைய இருக்கும்போது செட் அடித்தால் பாதிப் பாட் போட்டுக்கொண்டிருப்பது வீண். இடைப்பட்டதை இடைப்பட்டதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கையில் 27,800 என்பது 5,900-க்கு 4.7 மடங்கு. மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே, அதனால் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

சரியாகிவிட்டதா என்று பார்க்க: பெரிய கையோடு ரிவர் வரை போன ஒவ்வொரு தடவையும், ரிவர் பெட்டுக்கு முன் பாட் எவ்வளவு, எதிராளியின் மிச்சம் எவ்வளவு என்று குறித்துவையுங்கள். மிச்சம் பாட்டைவிட அதிகமாகவே இருந்துகொண்டிருந்தால் ஃப்ளாப்பிலேயே குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ரிவரில் எவ்வளவு தைரியம் வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"சரியான அளவுதான் போட்டேன், அப்படியும் உடனே ஓடிவிட்டார்"

உங்கள் கையை மறந்துவிட்டு அவருடைய கையைத் தேடுங்கள். உங்களிடம் ராஜா ஜோடி, ஃப்ளாப்பில் ராஜா-8-3, மூன்றும் மூன்று நிறம். கையில் செட், அதுவும் உச்சத்திலேயே உச்சம். ஆனால் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நான்கு ராஜாவில் மூன்று உங்கள் கணக்கில். ஏஸ்-ராஜா என்ற கை எதிராளிக்கு வரக்கூடிய வகைகள் நான்கே நான்கு. முன்னால் பார்த்த 7 ஜோடிக் கையில் ராஜா மூன்று வெளியே இருந்தது, ஏஸ்-ராஜா மட்டும் பன்னிரண்டு வகை. அதனால்தான் சின்ன செட் பல நேரம் பெரிய செட்டைவிட அதிகம் சம்பாதிக்கிறது.

இந்த மாதிரி ராஜா செட்டில் 60 சதவீதம் போட்டால் 9 ஜோடியும் ஏஸ்-ராணியும் போய்விடும். பாட்டில் கால்வாசி போடுங்கள், அல்லது ஒரு சுற்று செக் செய்யுங்கள். டர்னில் அவருக்கு ஏஸோ ராணியோ விழட்டும்.

பதுங்கல் பேச்சு வந்தால் யாராவது 1988-ஐ இழுப்பார்கள். லாஸ் வேகாஸ் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி, கடைசிக் கை, ஜானி சானும் எரிக் சைடலும் மட்டும். ஃப்ளாப்பில் ராணி-10-8. சானிடம் ஜாக்கி-9, ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அப்போதே முடிந்துவிட்டது. அவர் பதுங்கினார். கையிலிருந்த ராணி ஃப்ளாப் ராணியோடு ஜோடி சேர்ந்திருந்த சைடல் எல்லாவற்றையும் தள்ளினார். சான் இரண்டாவது முறையாகச் சாம்பியன். அழகான கைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எதிரில் ஒரே ஆள், அதுவும் தானே அடித்து ஆடுகிற ஆள். நம்ம தக்கலை வாத்தியார் அந்த ராணி ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று சுற்றும் செக் செய்து, கடைசியில் "அடடா, ஸ்ட்ரெய்ட்டா" என்று சாயாவைக் குடித்திருப்பார். சானுக்கு ஒரு சில்லு வந்திருக்காது.

அதனால் பதுங்கும் முன் மூன்று கேள்வி: அடுத்த சீட்டு எது விழுந்தாலும் என் கை பத்திரமா? நான் செக் செய்தால் இவர் பெட் போடுகிற ஆளா, இல்லை இவருக்கு ஏதாவது விழ வாய்ப்பாவது இருக்கிறதா? மீதி இரண்டு சுற்றில் அவருடைய சில்லு முழுதும் உள்ளே வருமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பதுங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பெட் போடுங்கள்.

"எப்படியும் கால் செய்திருப்பார், நான்தான் குறைத்துப் போட்டுவிட்டேன்"

இது நேர் எதிர் நோய். முட்டத்துக் கரையில் மீன் ஏலம் விடுகிறவர் மீனை மட்டும் பார்த்து விலை ஏற்றுவதில்லை. சுற்றி நிற்பது தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவரா, கம்பெனி ஆளா என்று பார்த்துத்தான் ஏற்றுவார். மேசையில் பெட் போடுவதும் அதே வேலை. எங்கள் குளச்சல் அண்ணாச்சிக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் அதை விட்டுப் பிரிய மனசு வராது. "பாத்துருவமே" என்று சொல்லிக்கொண்டே சில்லை எண்ணுவார். அவருக்கு 60 சதவீதம் எதற்கு? முழுப் பாட் போடுங்கள். ரிவரில் பாட்டைவிட அதிகமாகவும் போடலாம், அவர் கால் செய்வது உங்கள் தொகையைப் பார்த்து அல்ல, தன் கையைப் பார்த்து. அதே கைக்கு வாத்தியாரிடம் மூன்றில் ஒரு பங்குதான் விலை போகும், அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள்.

அண்ணாச்சி மாதிரி ஆளிடம் பிளஃப் (வெறுங்கையோடு மிரட்டிப் போடுவது) மட்டும் செய்யாதீர்கள்.

"ஃப்ளஷ் தேடிக்கொண்டிருந்தவர் கடைசிச் சீட்டில் அடித்துவிட்டார்"

அடித்ததில் தப்பில்லை. என்ன விலைக்கு வந்தார் என்பதுதான் கேள்வி. டர்னில் ஒருவருக்கு ஃப்ளஷ் (ஒரே நிறத்தில் ஐந்து சீட்டு) முடிய ஒரு சீட்டு வேண்டும் என்றால், தெரியாத 46 சீட்டில் அவருக்கு உதவுவது 9, அதாவது 19.6 சதவீதம். பாட் 10,000 இருக்கும்போது நீங்கள் 2,000 போட்டால் அவர் 14,000-க்காக 2,000 கொடுக்கிறார். 14.3 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே கட்டுபடியாகும். அவரிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. நீங்களே பந்தி விரித்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள். 6,000 போட்டால் அவருக்கு 27 சதவீதம் தேவை. அப்படியும் வருவார், ஏனென்றால் ஃப்ளஷ் தேடுகிறவர்கள் எப்போதும் வருவார்கள். வரும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1,700 உங்கள் பக்கம் சாய்கிறது, ஐந்தில் ஒருமுறை அவர் அடிப்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஒரு நிபந்தனை: அந்த நிறம் விழுந்த பிறகு அவர் பெரிதாகப் போட்டால் கொடுக்கக் கூடாது. டர்னில் வாங்கியதை ரிவரில் திருப்பிக் கொடுத்தால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. இரண்டு ஒரே நிறச் சீட்டோ, 9-8 மாதிரி அடுத்தடுத்த சீட்டோ கிடக்கும் ஃப்ளாப்பில் பதுங்கல் என்ற பேச்சே வேண்டாம்.

"ரிவரில் செக் செய்தேன், அவர் அதைவிட மோசமான கையைக் காட்டினார்"

செட்டும் ஃப்ளஷும் ஒரு நாளில் எத்தனை முறை வரும்? அன்றாடச் சம்பளம் ஒரு ஜோடிக் கைகளில்தான் இருக்கிறது. உங்களிடம் ராஜா-ராணி, பலகையில் ராஜா-9-4-6-2, பாட் 12,000, அவர் ரிவரில் செக். "ஜெயித்தால் போதும்" என்று நீங்களும் செக் செய்தீர்கள், அவர் ராஜா-10 காட்டினார்.

இங்கே கேட்க வேண்டியது "நான் ஜெயிக்கிறேனா" என்பதல்ல, "அவர் கால் செய்தால் பாதிக்கு மேல் நான் ஜெயிப்பேனா" என்பது. 5,000 போட்டால் ராஜா-ஜாக்கி, ராஜா-10, 10 ஜோடி, ஏஸ்-9 எல்லாம் பார்க்க ஆசைப்படும். ஏஸ்-ராஜாவும், ஒளிந்திருக்கும் இரண்டு ஜோடியும் உங்களை அடிக்கும். பத்துக் காலில் ஆறு மோசமான கை, நான்கு நல்ல கை என்று வைத்தாலும் ஒரு காலுக்குச் சராசரி 1,000 லாபம். பிக் பிளைண்ட் 1,000 ஆக இருக்கும்போது அது முழுசாக ஒரு பிளைண்ட்.

பயம் எங்கே என்றால், அவர் திருப்பி ரெய்ஸ் செய்தால்? வீட்டு ஆட்டங்களில் ரிவரில் ரெய்ஸ் வந்தால் அது நிஜக் கைதான். ஃபோல்ட் செய்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இந்தப் பயத்துக்காகப் போடாமல் விடுகிற 5,000-கள் சேர்ந்துதான் நான்கு மணி நேரத்தில் ஒரு ஸ்டாக் (ஒருவரின் மொத்தச் சில்லு) ஆகிறது.

"ஐந்து பேர் மிச்சம், நாலு பேருக்குப் புள்ளி. பெரிய கை வருகிறது, யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள்"

அவர்கள் செய்வது சரி. எங்கள் புள்ளி 10, 6, 3, 1. ஐந்து பேரிடமும் சமமாக 54,000 இருந்தால் ஒவ்வொருவரின் பங்கும் சராசரி 4 புள்ளி. ஒருவர் ஆல்-இன்னில் ஜெயித்து 108,000 ஆனால் பங்கு 8 ஆகாது, ஆறரைதான். தோற்றால் பூஜ்யம். இரண்டரை சம்பாதிக்க நான்கைப் பணயம் வைக்கிறார், அதனால் அவருக்கு 62 சதவீதம் நிச்சயம் வேண்டும். நீங்கள் ஏஸ் ஜோடியோடு மொத்தத்தையும் தள்ளினால் ஏஸ்-ராணியைக்கூட வாத்தியார் சந்தோஷமாக ஃபோல்ட் செய்வார், செய்யத்தான் வேண்டும்.

அதனால் நடுத்தர ஸ்டாக்கிடம் ஆல்-இன் தள்ளாதீர்கள், இரண்டு பிளைண்ட் ரெய்ஸ், அப்புறம் ஃப்ளாப்பில் மூன்றில் ஒரு பங்கு, இப்படிச் சின்னப் படியாக ஏறுங்கள். பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர் இந்த நேரத்தில் எல்லாரையும் மிரட்டி ரெய்ஸ் போட்டுக்கொண்டிருப்பார். உங்கள் ராஜா ஜோடிக்கு அவரே சரியான ஆள். அவர் ரெய்ஸுக்கு வெறும் கால் செய்து, ஃப்ளாப்பிலும் அவரையே போடவிடுங்கள். பதுங்கல் உண்மையிலேயே சம்பளம் தரும் இடம் இது. ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால் மட்டும் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏஸ் ஜோடி உங்கள் கையில் இருந்து வேறொருவர் தள்ளினால் யோசிக்காமல் கால். 62 கேட்கும் இடத்தில் 80-க்கு மேல் இருக்கிறது.

"பத்து பிளைண்ட் மட்டும் இருக்கும்போது பெரிய கை வந்தால்?"

இதுவரை பத்து பிளைண்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதையே. ஏஸ்-8-க்கும் 5 ஜோடிக்கும் ஆல்-இன் தள்ளிவிட்டு, ஏஸ் ஜோடிக்கு மட்டும் அழகாக 2,000 போட்டால் பக்கத்துச் சின்னப் பையனுக்கும் புரியும். முன்பே சிலமுறை அப்படிச் சின்னதாகப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் ஒதுங்கியும் இருந்தால் மட்டும் சின்ன ரெய்ஸ் எடுபடும்.

"முதல் மாதம் எல்லாரும் கொடுத்தார்கள், இப்போது ஒருவரும் கொடுப்பதில்லை"

சீட்டைத் திருப்பிக் காட்டுகிறீர்களா? எல்லாரும் ஒதுங்கிய பிறகு, கேட்காமலேயே ஏஸ் ஜோடியை மேசையில் விரித்து "பாத்தியளா, நல்லவேள போட்டிய" என்று சொல்கிற ஆசை பெரிய ஆசை. ஒவ்வொரு முறை காட்டும்போதும் "இவர் ரெய்ஸ் போட்டால் நிஜம்தான்" என்று எட்டுப் பேருக்கும் பாடம் எடுக்கிறீர்கள், அதுவும் இலவசமாக. கால் வராத கையைக் கவிழ்த்தபடியே சீட்டுக் கலைப்பவர் பக்கம் தள்ளுங்கள். அண்ணாச்சி "என்ன வச்சிருந்தே, சொல்லுடே" என்று நாலு தடவை கேட்பார். "ரெண்டு சீட்டு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆன்டியை எடுத்து வையுங்கள்.